இறங்குதல்

பதினொரு வருசமாய் இந்தப் பக்கத்துத் தபால் நான்தான்.
சைக்கிள் அரசாங்கத்தது,
மணி மட்டும் என்ர காசில் வாங்கிப் பூட்டினது.
எந்தப் படலையில் ஒருதரம் அடிக்கலாம்,
எதில் அடிக்கக்கூடாது, தெரியும்.

லூர்த்து ரீச்சர் நெற்றியில் சிலுவை போட்டுத்தான்
உறையைக் கிழிப்பா.
நல்லையா மாஸ்டர் கடிதத்தைக் கண்ணில் ஒற்றுவார்,
மின்சாரப் பில்லென்றாலும்.
எங்கே போறாய் என்று கேட்கமாட்டினம் இந்த ஊரில்,
"கனதூரமோ?" என்பினம்.

ஐந்து சந்திப் பக்கம் என்னை மாற்றின ஆறு மாதம்,
புத்தளத்தால் திரும்பி வந்த ஜெய்னுலாப்தீன்
ஸலாம் சொன்ன வலக்கையை
நெஞ்சிலிருந்து எடுக்க மறந்து
இடக்கையால் ஒப்பம் வைப்பார்.
கோணல் எழுத்து.
கந்தோரில் கேட்டார்கள்.
அவர் ஆளே அப்படி என்றேன்.

கனடாவால் வந்த பெடியன் கையை நீட்டினான்.
நான் பார்சலை வைத்தேன் அதில்.
இரண்டு பேரும் சிரித்தோம்.

என்ர தகப்பனை நாங்கள் அப்பு என்போம்.
பதிவில் நாகமுத்து.
குமாரவேலர் வளவில் நாகன்.
அப்புவுக்கு இந்த ஒழுங்கையில்
சைக்கிள் ஓடத் தெரியாது,
உருட்டத்தான் தெரியும்.
வளவு தொடங்கும் பூவரசில் இறங்குவார்,
தோளில் கிடந்த சால்வை கமக்கட்டுக்குள் போகும்,
வளவு முடிகிற கிணற்றடியில்
சால்வை தோளுக்கு, அப்பு சீற்றுக்கு.
ஆருமில்லாத மத்தியானத்திலும் இறங்கினார்.
மதிலுக்கும் கண்ணிருக்கு என்பார்.
ஒருநாள் ஆரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.
"இண்டைக்கு உருட்டுறதுக்கு
ஒரு காரணம் கிடைச்சுது"
என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

பிறகு அதே பூவரசடியில் சென்றி வந்தது.
மண்மூட்டை, முட்கம்பி,
தெரியாத எழுத்தில் ஒரு பலகை.
எல்லாரும் இறங்கினார்கள்.
குமாரவேலரின் மகன், நொத்தாரிசு கனகசபேசன்,
மடிப்புக் குலையாத வேட்டியும் றலி சைக்கிளுமாய்
ஐசியை நெற்றி மட்டத்தில் பிடித்தபடி உருட்டினார்.
அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆள் அப்பு.
அந்த வரிசையில் தடுமாறாமல் உருட்டினது
அப்பு மட்டும்தான்.
பழகின தூரம்.

கையிரண்டையும் தூக்கச் சொன்னபோது
மீன்கூடைக்காரி ஒருத்தி வாய்தவறி
"அரோகரா" என்றுவிட்டாள்.
துவக்கு வைத்திருந்தவன் திடுக்கிட்டான்,
பத்தொன்பது வயதிருக்கும்.
ஒருவரும் சிரிக்கவில்லை,
வீடு போய்ச் சேரும்வரை.

சென்றி போய்விட்டது.
பூவரசில் கம்பி தின்ற தழும்பு இருக்கிறது.

போன செவ்வாய் ஒரு பதிவுத்தபால்.
உறையில் "உயர்திரு" போட்டு
வங்கிக்காரர் அனுப்பியது.
அப்புவை அந்தப் படலை "வா" என்றுதான் கூப்பிட்டது,
என்னையும், போன கிழமை வரைக்கும்.
செவ்வாய்க்கிழமை கனகசபேசன்
தடியோடு வந்து நின்று,
தொண்டையைச் செருமி,
"வாரும்" என்றார்.

வாவுக்கும் வாங்கோவுக்கும் நடுவில்
எங்கட பேச்சில் அப்படி ஒரு படி.
ஏறுகிறவர் நின்று மூச்சு வாங்கலாம்.
இறங்குகிறவரும்.

நான் சீற்றால் எழும்பவில்லை.
இடக்காலை மட்டும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு
பேனையை நீட்டினேன்.
இரண்டு கையாலும் வாங்கினார்.
நடுக்கமாயும் இருக்கலாம்.
படிவத்தில் அதற்கு இடமில்லை,
ஒப்பத்துக்கு ஒரு கோடு, திகதிக்கு ஒரு கோடு.

திரும்புகையில், சொன்னால் நம்பமாட்டியள்,
பூவரசடியில் செயின் கழன்றது.
இறங்கத்தானே வேணும்.
குந்தியிருந்து, தலையைக் குனிந்து,
கையிரண்டிலும் கிறீஸ் அப்பி,
பல்லுப்பல்லாய்க் கொளுவினேன்.
மதில் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு ஏறி,
நடு ஒழுங்கையால் மிதித்தேன்,
மணி அடித்து அடித்து.
குறுக்கே ஒருவரும் வரவில்லை.